சமூக ஊடகக் கருவியின் புதிய வசதிகளுக்குக் கூடுதல் சந்தா கட்டலாமா? நவராத்திரிக்கு முன் முடிவெடுக்க வேண்டும்

மாட்டுங்காவாசி கேட்டது:

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் சிறு கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். ஆஸ்திக சமாஜம் இருக்கும் பண்டார்கர் சாலைப் பக்கம் ஒரு பூக்கடை, ஒரு பட்சணக் கடை, ஒரு பட்டுப்புடவைக் கடை, சயானில் ஒரு பரதநாட்டியப் பள்ளி ஆகியவை இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாருக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டும் உண்டு. பதிவுகளை முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைப்பதற்காக ஒரு வெளிநாட்டுக் கருவிக்கு மாதச் சந்தா கட்டி வருகிறேன்.

அந்தக் கருவியில் இப்போது நான்கு புதிய வசதிகள் வந்திருக்கின்றன: செயற்கை நுண்ணறிவு கேப்ஷன் எழுதித் தருவது, எந்த நேரத்தில் பதிவிடலாம் என்று பரிந்துரைப்பது, எல்லாக் கணக்குகளின் கமெண்டுகளையும் நேரடிச் செய்திகளையும் ஒரே இன்பாக்ஸில் காட்டுவது, பதிவு வெளியாகும் முன் கடைக்காரர் பார்த்து ஒப்புதல் தர ஓர் இணைப்பு அனுப்புவது. நான்கும் மேல் திட்டத்தில்தான் கிடைக்கும். அதன் சந்தா நான் இப்போது கட்டுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சோதனைக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது, முடிவதற்குள் நவராத்திரி வேலை தொடங்கிவிடும்.

நான் பார்த்தவரை சொல்கிறேன்.

கேப்ஷன் எழுதும் வசதி என்னை மிகவும் கலங்க வைத்தது. பட்சணக் கடையின் தட்டைப் படத்தைக் கொடுத்துத் தமிழில் நான்கு வரி கேட்டேன். 'பாரம்பரிய இனிப்பு' என்று தொடங்கியது. அதைக்கூடத் திருத்திக்கொள்ளலாம். கடைசி வரியில் பண்டிகைத் தள்ளுபடி என்று தானாக ஒன்றைச் சேர்த்திருந்தது. கடைக்காரர் எந்தத் தள்ளுபடியும் அறிவிக்கவில்லை. அந்த வரி அப்படியே வெளியாகி யாராவது கைபேசியை நீட்டிக்கொண்டு கடையில் வந்து நின்றால், பதில் சொல்ல வேண்டியவர் அடுப்படியில் நிற்கும் மாமி. அவருடைய வாக்கை ஓர் இயந்திரம் எப்படிக் கொடுக்கலாம்?

நேரப் பரிந்துரையிலும் எனக்குத் தெளிவில்லை. பூக்கடைக்கு இரவு ஒன்பதரை மணிதான் சிறந்த நேரம் என்கிறது. அந்த நேரத்தில் லைக் வருவது உண்மைதான். ஆனால் கடைக்காரர் விடியற்காலையில் தாதர் பூச்சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுக்கிறவர். மறுநாளுக்கான பூமாலை ஆர்டர் முந்தின நாள் மாலை ஏழு மணிக்குள் அவர் கைக்கு வந்தாக வேண்டும். ஒன்பதரைக்குப் பதிவைப் பார்த்துப் பத்து மணிக்கு 'நாளைக்குச் சம்பங்கி மாலை கிடைக்குமா' என்று கேட்கிறவரிடம் அவர் என்ன சொல்வார்? தூங்கியிருப்பார்.

ஒப்புதல் இணைப்புதான் எனக்கு ஆசையாக இருக்கிறது. புடவைக் கடைப் பெரியவருக்கு இப்போது வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்புகிறேன். வாட்ஸ்அப் நான்கு படங்களைச் சேர்த்து ஒரே கட்டமாகக் காட்டும். அவர் 'மூன்றாவது வேண்டாம்' என்று பதில் எழுதுவார். இடமிருந்து வலமாக மூன்றாவதா, மேலிருந்து கீழாக மூன்றாவதா? தொலைபேசியில் கூப்பிட்டால் வாடிக்கையாளருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட புடவை ஏற்கெனவே விற்றுப்போயிருக்கும், அதைத்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். இதைச் சரிசெய்ய ஒரு வழி கிடைத்தால் என் வேலையில் பாதிப் பாரம் குறையும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இந்த மாதிரி வசதிகளைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

---

செம்பூர் நிரலர்:

வணக்கம் அம்மா. இப்படிப்பட்ட கருவிகளை மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் வேலை செய்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கருவியாக இருந்தாலும், இன்ஸ்டாகிராமோ ஃபேஸ்புக்கோ தங்கள் ஏபிஐ (வெளி மென்பொருள்களுக்கு ஒரு தளம் திறந்துவைக்கும் வழி) மூலமாக எதை அனுமதிக்கின்றனவோ அதை மட்டுமே செய்ய முடியும். 'புதிய வசதி' என்று விளம்பரம் வரும்போது பெரும்பாலும் தளம் ஒரு கதவைத் திறந்துவிட்டது என்று பொருள். எல்லாக் கருவிகளும் அடுத்தடுத்து அதே கதவுக்குள் நுழையும். இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ் தளம் 2023 ஜூலையில் தொடங்கியது. அதன் ஏபிஐ 2024 ஜூனில்தான் எல்லாருக்கும் திறந்தது. அந்த வாரமே பல கருவிகள் 'இனி த்ரெட்ஸிலும் பதிவிடலாம்' என்று அறிவித்தன.

கதவுகள் மூடுவதும் உண்டு, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஃபேஸ்புக் குழுக்களில் வெளிக் கருவி வழியாகப் பதிவிடும் வசதியை மெட்டா 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. மும்பைத் தமிழர் குழுக்களில் உங்கள் பட்சணக் கடைக்கு நல்ல வியாபாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே கையால்தான் பதிவிட வேண்டும், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் அது மாறாது. இப்போது எக்ஸ் எனப்படும் ட்விட்டர் 2023இல் இலவச ஏபிஐயைப் பெரிதும் சுருக்கி, மற்றதற்குக் கட்டணம் வைத்தது. அதன் பிறகு எக்ஸ் கணக்கை உயர்ந்த திட்டங்களுக்குத் தள்ளிய கருவிகள் உண்டு. பாட்டுச் சேர்க்க வேண்டிய ரீல்ஸுக்கும் பெரும்பாலான கருவிகள் உங்கள் கைபேசிக்கு நினைவூட்டல் மட்டும் அனுப்பும், பாட்டை நீங்களே செயலியில் சேர்த்து வெளியிட வேண்டும். நாட்டியப் பள்ளிக்கு இது முக்கியம்.

இனி உங்கள் நான்கு வசதிகளுக்கு வருகிறேன்.

நேரப் பரிந்துரை, பழைய பதிவுகளுக்கு எப்போது லைக்கும் கமெண்டும் வந்தன, பின்தொடர்பவர்கள் எப்போது செயலியில் இருக்கிறார்கள் என்ற கணக்கிலிருந்து வருகிறது. ஆர்டர் எப்போது வந்தது என்பது அதற்குத் தெரியாது, தாதர் சந்தையும் தெரியாது. பூக்கடைக்கு உங்கள் கணிப்புதான் சரி. மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் வையுங்கள். நாட்டியப் பள்ளிக்கு அந்தப் பரிந்துரையைக் கேட்கலாம், ஏனென்றால் அங்கே நாலு பேர் பார்ப்பதே நோக்கம்.

இன்பாக்ஸ் நல்ல வசதி. ஆனால் ஒரு விதி இருக்கிறது. வாடிக்கையாளர் நேரடிச் செய்தி அனுப்பிய 24 மணி நேரத்துக்குள்தான் வெளிக் கருவி வழியாகப் பதில் அனுப்ப முடியும். மனிதர் எழுதும் பதிலுக்கு மெட்டாவிடம் தனி அனுமதி வாங்கிய கருவியாக இருந்தால் ஏழு நாள் வரை போகலாம். உங்கள் கருவிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். நேரம் கடந்துவிட்டால் இன்ஸ்டாகிராம் செயலியைத் திறந்து அங்கிருந்து பதில் சொல்லலாம், தடையில்லை. இன்னொன்று, மெட்டா பிசினஸ் சூட்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செய்திகளைச் சேர்த்துக் காட்டும் இன்பாக்ஸ் இலவசமாகவே இருக்கிறது. ஒவ்வொரு கடையாக மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்பதுதான் குறை. நான்கு கடைகளையும் ஒரே பட்டியலில் பார்ப்பதற்கே நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், அது தேவையா என்று மட்டும் யோசியுங்கள்.

நவராத்திரிக்கு முன் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். கணக்குகளைக் கருவியோடு இணைக்கும்போது மெட்டா தரும் அனுமதிக்கு ஆயுள் உண்டு. பல இணைப்புகளில் அது 60 நாள். கடைக்காரர் வீட்டில் யாராவது கடவுச்சொல்லை மாற்றினால் அன்றே செத்துப்போகும். வரிசையில் வைத்த பதிவுகள் அப்படியே நின்றுவிடும், மின்னஞ்சலில் ஓர் எச்சரிக்கை வரும், அது விளம்பரக் கடிதங்களுக்கு நடுவில் புதைந்து கிடக்கும். கொலுவுக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாக் கணக்குகளையும் துண்டித்துத் திரும்ப இணைத்துவிடுங்கள். கடைக்காரர்களிடமும் தீபாவளி வரை கடவுச்சொல்லைத் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

---

தாராவி தொண்ணூறடி சாலை:

சகோதரி, நான் முறுக்கும் மிக்சரும் போட்டு விற்கிறவன். எனக்குப் பக்கம் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, நானேதான் எல்லாம். ஒரு ரூபாய் சந்தா கட்டியதில்லை. இன்ஸ்டாகிராமிலேயே நேரம் குறித்து வைக்கலாம். 2022 கடைசியில் அந்த வசதி வந்தது, 75 நாள் முன்னாலேயே வைக்கலாம், தொழில்முறைக் கணக்காக மட்டும் இருக்க வேண்டும். ஆடிக் கடைசியில் உட்கார்ந்தால் விஜயதசமி வரை முடித்துவிடலாம்.

எனக்கு ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் ஒட்டலாம்: 'பணம் வந்தது', 'அனுப்ப வேண்டும்', 'தீபாவளி'. வழக்கமான கேள்விகளுக்கு விரைவுப் பதில் எழுதி வைக்கலாம். மொத்தமாகச் செய்தி அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் டப்பாவோடு ஒரு சிறு சீட்டு வைக்கிறேன்: 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் சொல்கிறோம்.' அந்தச் சீட்டு செய்கிற வேலையை எந்தக் கருவியும் செய்யாது என்பது என் அனுபவம்.

நீங்கள் நாலு கடை பார்க்கிறீர்கள், உங்கள் நிலைமை வேறு, அதை மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரரிடம் வாங்கும் பணத்தில் எவ்வளவு டாலராக வெளியே போகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

தட்டையை இனிப்பு என்று சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மிளகாயும் பெருங்காயமும் போட்டு, கடலைப்பருப்பு ஊறவைத்துத் தட்டுகிறோம். படத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா?

---

முலுண்ட் வடிவமைப்பாளர்:

தமிழில் பதிவிடுகிறவர்கள் எந்தத் திட்டத்துக்கும் பணம் கட்டும் முன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் சில இருக்கின்றன. வசதிப் பட்டியலில் இவை எழுதப்பட்டிருக்காது.

முதலாவது ஹேஷ்டேக். எழுதும் பெட்டியில் #நவராத்திரி என்று தட்டிப் பாருங்கள். முழுச் சொல்லும் நீலமாக மாறினால் நல்லது. சில கருவிகளில் #நவர வரைக்கும் நீலம், மீதி கறுப்பு. உயிர்மெய்யில் வரும் கால், கொம்பு, சுழி, மேலே வைக்கும் புள்ளி ஆகியவை யூனிகோடில் (கணினி எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையில்) தனிக் குறிகள். எழுத்துகளை மட்டும் கணக்கில் எடுக்கும் நிரல் முதல் காலைக் கண்டதும் நின்றுவிடுகிறது. வெளியான பிறகு இன்ஸ்டாகிராம் அதைச் சரியாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் பதிவுக்குக் கேடில்லை. ஆனால் இதே கருவி 'எந்த ஹேஷ்டேக் நன்றாக ஓடியது' என்று அறிக்கை தரும்போது '#நவர' என்று ஒரு வரி வந்து நிற்கும். அந்த அறிக்கையை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது எழுத்து எண்ணிக்கை. எக்ஸில் 280 என்றால் நம் எழுத்தில் 280 அல்ல. 'கொலு' நம் கண்ணுக்கு இரண்டெழுத்து, கணினிக்கு நான்கு. 'நவராத்திரி' ஆறெழுத்து, கணினிக்குப் பத்து. ஆக 280 என்பது தமிழில் ஏறக்குறைய 170, 180 எழுத்தில் தீர்ந்துவிடும். நல்ல கருவி தட்டும்போதே மீதி எவ்வளவு என்று காட்டும். மோசமான கருவி இடம் இருப்பதாகக் காட்டிவிட்டு, வெளியிடும் நேரத்தில் பிழை என்று திருப்பி அனுப்பும். இன்ஸ்டாகிராமில் 2,200 வரை இடம் இருப்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது முன்தோற்றம். 2025 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராம் தன் பக்கக் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நெடுஞ்செவ்வகமாக மாற்றியது. சதுரமாக வடிவமைத்த பழைய படங்களின் இரு ஓரமும் பக்கத்தில் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. புடவைக் கடைக்கு இது பெரிய விஷயம், பார்டரே ஓரத்தில்தானே இருக்கிறது! உங்கள் கருவியின் முன்தோற்றம் இன்னும் சதுரத்தைக் காட்டினால் அதை நம்பாதீர்கள். புடவையை இனி 1080க்கு 1350 அளவில் நெடுக்காகவே படமெடுங்கள். பார்டரும் முந்தானையும் நடுப்பகுதியில் விழட்டும்.

கேப்ஷன் எழுதும் வசதியைப் பற்றி மாட்டுங்காவாசி சொன்னதை முழுமனதாக ஏற்கிறேன். விலை, தள்ளுபடி, சேர்பொருள், தேதி, இந்த நான்கையும் இயந்திரம் எழுத விடவே கூடாது. ஆங்கிலத்தில் ஒரு கேப்ஷன் கூடுதலாகத் தேவைப்படும்போது முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

---

காட்கோபர் கணக்கு:

பணம் கட்டுவது பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டுக் கருவி என்றால் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரிடம் அந்த நிறுவனமே 18 சதவீதம் சேர்த்து வாங்க வேண்டும். விலைப் பக்கத்தில் தெரியும் தொகை பெரும்பாலும் வரிக்கு முந்தையது. உங்களுக்குப் பதிவு இருந்தால் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கு விவரத்தில் கொடுத்துவிடுங்கள், வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டி, உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். வங்கி டாலர் மாற்றுக் கட்டணம் தனி.

அட்டையில் தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரிலிருந்து கடுமையாகியிருக்கின்றன. முன்னறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கொடுக்க வேண்டும். அந்த முறைக்குள் வராத வெளிநாட்டு நிறுவனம் என்றால் வங்கி மறுத்துவிடும், கருவி கணக்கை முடக்கும். புதுப்பிக்கும் தேதி பண்டிகைக்கு நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். ஜோஹோ சோஷியல் போன்ற இந்தியக் கருவிகளில் ரூபாயிலேயே பில் வரும், இந்தத் தொல்லை குறைவு.

---

மாட்டுங்காவாசி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

ஹேஷ்டேக் சோதனையில் என் கருவி தேறவில்லை. முலுண்ட் ஐயா சொன்ன மாதிரியே #நவர வரை நீலம். அவர்களுக்குப் படத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுகிற நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் உங்கள் கருவிகளுக்கு எழுதுங்கள்.

ஒப்புதல் இணைப்பைப் புடவைக் கடைப் பெரியவரிடம் கடைக்கே போய்க் காட்டினேன். லாகின் எதுவும் கேட்கவில்லை, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டதும் படமும் அதன் கீழே என் வரிகளும் திறந்தன. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், குறிப்பு எழுத ஒரு பெட்டி. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மூன்றாவது படத்தில் சிவப்பைத் தொட்டு, பெட்டியில் தமிழில் 'இது போய்விட்டது, இதே நிறத்தில் கட்டம் போட்டது இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்' என்று எழுதினார். எனக்கு வேண்டியது இதுதான். விற்றுப்போன புடவைக்கு இனி ஒருவரும் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி வெயிலில் நடந்து வர வேண்டாம்.

இன்பாக்ஸையும் வைத்துக்கொள்ளப் போகிறேன். மெட்டாவின் இலவச இன்பாக்ஸில் கடை மாற்றி மாற்றிப் பார்த்தேன், சாதாரண நாளுக்குப் போதும். கொலு நாட்களில் நான்கு கடைக்கும் ஒரே நேரத்தில் 'விலை என்ன', 'டோம்பிவிலிக்கு அனுப்புவீர்களா' என்று வரும்போது போதாது. 24 மணி நேர விதியைப் பற்றிக் கருவிக்காரர்களிடம் கேட்டேன், ஏழு நாள் அனுமதி இருப்பதாக எழுத்தில் பதில் வந்திருக்கிறது.

கேப்ஷன் எழுதும் வசதியை அமைப்பில் அணைத்துவிட்டேன். தட்டைக்கு வரிகளை மாமியிடமே கேட்டு எழுதினேன். அரிசியை வீட்டிலேயே ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மாவாக்கிச் சலிக்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். பூக்கடைக்கு மாலை ஐந்தரை.

தாராவி அண்ணா, சீட்டு யோசனையைப் பட்சணக் கடைக்குச் சொன்னேன், அச்சுக்குப் போய்விட்டது.

ஆக, மேல் திட்டத்தை மாதக் கணக்கில் மட்டும் எடுத்து, தீபாவளி முடிந்ததும் பழைய திட்டத்துக்கு இறங்கிவிடலாம் என்றிருக்கிறேன். ஆண்டுச் சந்தா மலிவு என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள், வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கீழே இறங்கும்போது எதையாவது இழப்பேனா?

---

செம்பூர் நிரலர்:

செய்திகளும் கமெண்டுகளும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கிலேயே இருக்கும், போகாது. கருவிக்குள் மட்டும் இருப்பவைதான் ஆபத்தில் இருக்கின்றன: ஒப்புதல் குறிப்புகள், அறிக்கைகள், நீங்கள் செய்திகளுக்கு ஒட்டிய லேபிள்கள். இறங்குவதற்கு முன் அறிக்கைகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பெரியவரின் குறிப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாலே போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். கீழ்த் திட்டத்தில் வரிசையில் வைக்கும் பதிவுகளுக்கோ கணக்குகளுக்கோ உச்சவரம்பு இருந்தால், அதற்கு மேல் உள்ளவை இறங்கிய அன்றே முடங்கலாம். நாட்டியப் பள்ளிக்கு மார்கழிப் பதிவுகளை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் எண்ணம் இருந்தால், திட்டம் மாறிய பிறகு வையுங்கள்.